சிலிக்கானின் துரு

1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்த முதல் டிரான்சிஸ்டரில் சிலிக்கான் கிடையாது. அது ஜெர்மானியத்தில் செய்தது. ஜெர்மானியத்துக்குள் எலெக்ட்ரான்கள் சிலிக்கானைவிட வேகமாக ஓடும். 938 டிகிரி செல்சியஸில் உருகிவிடுவதால் சுத்தப்படுத்துவதும் சுலபம். சிலிக்கானுக்கு 1414 டிகிரி வேண்டும். அந்தச் சூட்டில் அது தன்னை ஏந்தியிருக்கும் மூசையையே கொஞ்சம் கரைத்து அழுக்காக்கிக்கொள்ளும்.

பிறகு சிலிக்கான் எப்படி வென்றது? மணலில் கொட்டிக் கிடக்கிறது, மலிவு என்பார்கள். புவியோட்டின் எடையில் கால் பங்குக்கு மேல் சிலிக்கான்தான். ஆனால் சிப்புக்கு வேண்டியது 99.9999999 சதவீதத் தூய்மை. அந்த அளவுக்குச் சுத்தம் செய்து முடிக்கும்போது மணலின் மலிவு எந்த மூலைக்கு?

இன்னொரு பதில் சூடு. 1954 மே மாதம், ஓஹியோவின் டேட்டன் நகரில் பொறியாளர் மாநாடு. இசைத்தட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே, டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் கார்டன் டீல் அதை ஒலிக்கவைத்துக்கொண்டிருந்த ஜெர்மானிய டிரான்சிஸ்டரைச் சூடான எண்ணெயில் முக்கினார். பாட்டு நின்றுவிட்டது. சிலிக்கான் டிரான்சிஸ்டரை முக்கினார்; பாட்டு தொடர்ந்தது. அருமையான மேடை வித்தைதான். ஆனால் சூடு தாங்கும் குறைக்கடத்திகள் வேறும் உண்டே.

என்னைக் கேட்டால், சிலிக்கானைக் கரைசேர்த்தது அதன் துரு.

1955-ல் பெல் ஆய்வுக்கூடத்தில் கார்ல் ஃப்ராஷும் லிங்கன் டெரிக்கும் சிலிக்கான் வில்லைகளை உலையில் சூடேற்றிக்கொண்டிருந்தார்கள். எதிர்பாராமல் நீராவி உள்ளே புகுந்தது. வெளியே எடுத்த வில்லையின் மேல் வழவழப்பான கண்ணாடிப் படலம் ஒன்று படர்ந்திருந்தது: சிலிக்கான் டை ஆக்சைடு. இரும்பின் துருவைப்போல் இது உதிராது. மின்சாரத்தை விடாது. தண்ணீரிலும் கரையாது, ஜெர்மானியத்தின் ஆக்சைடோ கழுவினாலே போய்விடும். சாம்பல் நிற வில்லையின் மேல் இந்தப் படலம் தடிக்கத் தடிக்க ஊதா, நீலம், பொன்னிறம் என நிறம் மாறும். நிறத்தைப் பார்த்தே தடிமனைச் சொல்லிவிடும் அட்டவணைகள் சிப் கூடங்களில் இருந்தன.

ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் இந்தக் கண்ணாடியைத் தின்னும், அடியிலுள்ள சிலிக்கானைத் தொடாது. ஆகவே படலத்தில் வேண்டிய இடத்தில் மட்டும் ஜன்னல் திறக்கலாம். பாஸ்பரஸ், போரான் அணுக்களைச் சூட்டில் செலுத்தினால், அவை ஜன்னல் வழியாகத்தான் இறங்கும். கோல அச்சின் துளைகளில் மட்டும் மாவு விழுவதுபோல.

அதைவிடப் பெரிய உபகாரம் மேற்பரப்பில் நடந்தது. படிகத்துக்குள் ஒவ்வொரு சிலிக்கான் அணுவும் நான்கு பக்கமும் கைகோத்து நிற்கிறது. விளிம்பு அணுக்களுக்கு மட்டும் பிடிக்க ஆளில்லாத கைகள் மிஞ்சும். அவை போகிற எலெக்ட்ரான்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கவனமாக வளர்த்த ஆக்சைடு அந்தக் கைகளில் பெரும்பாலானவற்றை அடக்கிவிடுகிறது என்று அதே பெல் ஆய்வுக்கூடத்தின் முகமது அட்டாலா காட்டினார். 1959-ல் அவரும் டாவோன் காங்கும் ஆக்சைடின் மேல் ஓர் உலோகத் தகட்டைப் பதித்தார்கள். தகட்டுக்கு மின்னழுத்தம் கொடுத்தால், காப்புப் படலத்துக்கு அடியில் சிலிக்கானின் விளிம்பில் மின்பாதை திறக்கும், எடுத்துவிட்டால் மூடிக்கொள்ளும். இன்று கைப்பேசிக்குள் கோடிக்கணக்கில் இருக்கும் டிரான்சிஸ்டர்கள் இந்த வம்சம்தான்.

டிரான்சிஸ்டர் சிறுக்கச் சிறுக்க ஆக்சைடும் மெலிந்தது. 1.2 நானோமீட்டர், அதாவது சில அணுக்களின் தடிமனுக்கு வந்தபோது, எலெக்ட்ரான்கள் குவாண்டம் விதிப்படி அதை ஊடுருவிக் கசிந்தன. மின்சாரம் வீணாகி, சிப் சூடானது. 2007-ல் இன்டெல் நிறுவனம் அந்த இடத்தில் ஹாஃப்னியம் கலந்த ஆக்சைடைக் கொண்டுவந்தது. ஆனால் ஹாஃப்னியம் ஆக்சைடை நேரடியாகச் சிலிக்கான் மேல் வைத்தால் விளிம்பு சரியாக ஒத்துப்போவதில்லை. அதனால் இரண்டுக்கும் நடுவே, ஒரு நானோமீட்டருக்கும் குறைவான தடிமனில், பழைய சிலிக்கான் டை ஆக்சைடையே இன்றும் விட்டுவைக்கிறார்கள்.