பிரிட்டனில் கண்ட சின்னஞ்சிறு பொருள்கள்

பிரிட்டனுக்குப் போய் வந்தவன் என்றால், "அரண்மனையைப் பார்த்தாயா, பெரிய மணிக்கூண்டைப் பார்த்தாயா?" என்றுதான் நம்மவர்கள் கேட்பார்கள். பார்க்கத்தான் செய்தேன். ஆனால், மாணவனாக இருந்தபோது ஒரு கோடை விடுமுறையை அங்கே கழித்த எனக்கு, இன்றும் கண்முன் நிற்பவை வேறு. தெருவில் பதிந்து கிடப்பவை, சுவரில் ஒட்டியிருப்பவை, யாரும் நின்று பார்க்காதவை. அவற்றுள் சிலவற்றை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் லண்டன். அங்கே பூமிக்கடியில் ஓடும் ரயிலின் வரைபடத்தைப் பார்த்திருப்பீர்கள். வண்ண வண்ணக் கோடுகள். நேராகப் போகும், அல்லது சாய்வாகத் திரும்பும். இதை 1931-இல் வரைந்தவர் ஹாரி பெக். மின்சுற்றுப் படங்கள் வரைந்து பழகிய கை அவருடையது. சுரங்கத்துக்குள் உட்கார்ந்திருப்பவனுக்கு மேலே ஆறு எங்கே வளைகிறது என்பது எதற்கு? எந்த நிலையத்தில் ஏறுவது, எங்கே வண்டி மாறுவது, எங்கே இறங்குவது, இவை தெரிந்தால் போதாதா? இப்படி எண்ணித் தூரக் கணக்கையே அவர் கைவிட்டுவிட்டார். முதலில் அதிகாரிகள் ஏற்கவில்லை. 1933-இல் அச்சிட்டுக் கொடுத்தபோது மக்கள் விரும்பி வாங்கிக்கொண்டார்கள். ஒரு வேடிக்கை சொல்கிறேன். லெஸ்டர் சதுக்கம் நிலையத்துக்கும் கோவென்ட் கார்டன் நிலையத்துக்கும் இடையே சுமார் 260 மீட்டர்தான். படத்தை நம்பி நான் டிக்கெட் எடுத்து ஏறினேன். உட்காருவதற்குள் இறங்கச் சொன்னார்கள்! கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் ரயில் நிலையங்களில் தொங்கும் படங்கள் இந்த வழியில் வந்தவைதாம்.

அடுத்து வடக்கே, யார்க்‌ஷயர் மலைப்பக்கத்தில் ஹாலிஃபாக்ஸ் என்னும் ஊர். விடியுமுன்னே நெற்றிவிளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரம் வெட்டப் போனவர்கள், புதருக்குள் பூனையின் கண் பளிச்சென்று மின்னுவதைக் கண்டிருப்பீர்கள். அந்தக் கண்ணையே சாலையில் பதித்தவர் இவ்வூர்க்காரரான பெர்சி ஷா. சாலை போடுவது அவர் தொழில். 1934-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். இரும்புப் பெட்டிக்குள் ஒரு ரப்பர்க் கட்டை. அதில் கண்ணாடி மணிகள். விளக்கு வெளிச்சம் மணிக்குள் நுழைந்து, பின்னாலுள்ள பூச்சில் பட்டு, வந்த வழியே ஓட்டுநரின் கண்ணுக்குத் திரும்பும். சரி, சேறு படிந்தால்? அதற்கும் வழி செய்திருக்கிறார். சக்கரம் ஏறும்போது ரப்பர் அமுங்கும். மணிகள் கீழே இறங்கும். பெட்டியில் தேங்கிய மழைநீரோடு ரப்பர் விளிம்பு அவற்றைத் துடைத்துவிடும். மேலே ஏறி மிதிக்கும் வாகனத்தையே துடைக்கிற வேலைக்காரனாக ஆக்கிவிட்டார், பாருங்கள். இரண்டாம் உலகப்போரில் தெருவிளக்குகளை அணைத்து வைத்திருந்த காலத்தில் இதன் அருமை நன்றாகத் தெரிந்தது.

நாட்டிங்ஹாமில் சாலை கடக்கும் இடத்தில் பொத்தான் உள்ள பெட்டியின் அடியைத் தடவிப் பார்க்கச் சொன்னார் ஒருவர். விரலளவு கூம்பு ஒன்று தொங்கியது. பச்சை விளக்கு எரியும்போது அது சுழலும். பார்வையற்றவர்களுக்காக 1980-களில் அவ்வூர்ப் பல்கலைக்கழகத்தில் உருவாக்கியது. அவ்வளவுதான், சத்தமில்லை, விளம்பரமில்லை.

இனி, நம் வீட்டுச் சுவரிலேயே இருக்கும் ஒரு பொருளுக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் முக்கியமாக வந்தேன். மூன்று கால் பிளக் இருக்கிறதல்லவா, அதுவும் அங்கிருந்து நமக்கு வந்ததுதான். 1942-இல், போர் நடந்துகொண்டிருந்தபோதே, போருக்குப்பின் கட்டும் வீடுகளுக்கு மின்சாரத்தை எப்படிக் கொடுப்பது என்று ஆராய இருபது பேர் கொண்ட குழு ஒன்று அமைந்தது. அதில் ஒரே ஒரு பெண், கேரோலைன் ஹாஸ்லெட் என்னும் பொறியியலாளர். சிறு பிள்ளைகளின் பாதுகாப்புக்காகத் துளைகளுக்கு மறைப்பு வேண்டும் என்று 1944-இல் வந்த அக்குழுவின் அறிக்கை சொன்னது. 1947-இல் இந்தப் பிளக் பிரிட்டனின் தர அளவாக வெளியானது.

மேலே உள்ள கால் ஏன் மற்ற இரண்டைவிட நீளம்? அது தரைக்கம்பியோடு சேரும் கால். முதலில் நுழைந்து, உள்ளேயிருக்கும் மறைப்பை விலக்கிவிடுவது அதுதான். பிறகுதான் மின்சாரம் ஓடும் கீழ்த் துளைகள் திறக்கும். குழந்தை கீழ்த்துளையில் எதையாவது குத்தினாலும் மறைப்பு தடுக்கும். பிளக்குக்குள் ஒரு ஃபியூஸ் உண்டு. உள்ளே பழுப்புக் கம்பியைக் கட்டையாகவும், பச்சை மஞ்சள் கம்பியைத் தளர்வாகவும் விடுவார்கள். யாராவது வயரைப் பிடித்து இழுத்துப் பிய்த்தால், ஆபத்தான பழுப்பு முதலில் அறும். காக்கின்ற பச்சை மஞ்சள் கடைசியில்தான் அறும்.

இவ்வளவு யோசித்துச் செய்த மறைப்பை நம் வீடுகளில் என்ன செய்கிறோம்? இரண்டு கால் பிளக்கைச் சொருகுவதற்காக மேல்துளையில் தீக்குச்சியோ பென்சிலோ குத்தித் திறக்கிறோம். மறைப்பு திறந்துவிடும், உண்மைதான். ஆனால் உருண்டைக் கால்கள் இறுக்கமாகப் பிடிக்காது. பொறி பறக்கும், சூடேறும். அந்தப் பிளக்கில் ஃபியூஸும் இல்லை. எல்லாவற்றையும்விட, கீழே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளை அந்த வித்தையைக் கற்றுக்கொள்கிறது. நாளை அதன் கையில் இருப்பது தீக்குச்சியாக இருக்காது, கொண்டை ஊசியாக இருக்கும்.

ஃபியூஸ் போனால் சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளைச் சுற்றிவிடுவதும் இதே கதைதான். வயர் தீப்பிடிக்குமுன் தான் எரிந்து மின்சாரத்தை நிறுத்தத்தான் ஃபியூஸ் இருக்கிறது. மேசைவிளக்கு, ரேடியோ போன்றவற்றுக்கு 3 ஆம்பியர் போதும். இஸ்திரிப் பெட்டிக்கும் தண்ணீர் காய்ச்சும் கேத்தலுக்கும் 13 வேண்டும்.

அந்த விடுமுறை முடிந்து தோட்டத்து வீட்டுக்கு வந்தேன். ரேடியோ பக்கத்தில், சுவரில், வழக்கம்போல ஒரு மூங்கில் குச்சி செருகியிருந்தது. உருவி எடுத்தேன்.

"அதை எடுத்துட்டா ரேடியோ எப்படிய்யா பாடும்?" என்று கேட்டார் அம்மா.

மறுநாள் பட்டணத்துக்குப் போய் ஒரு மூன்று கால் பிளக்கும் 3 ஆம்பியர் ஃபியூஸும் வாங்கி வந்தேன். ரேடியோவுக்கு இரண்டு கம்பிகள்தாம்: பழுப்பை ஃபியூஸ் பக்கம், நீலத்தை எதிர்ப்பக்கம், மேல் கால் வெறுமனே. மாட்டி முடிப்பதற்குள் மாலைச் செய்தி பாதி போய்விட்டது. அதற்கு அம்மாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.