நெல்லுக்குத் தண்ணீரா, களைக்குத் தண்ணீரா?



நடவு முடிந்த வயலில் தண்ணீரைக் கட்டி நிறுத்துகிறோம். எதற்காக நிறுத்துகிறோம்? "இது என்ன கேள்வி சார், நெல்லு தண்ணிப் பயிராச்சே!" என்பீர்கள். கிராமம் கிராமமாகச் சுற்றுகிற எனக்கு இந்த ஒரு பதில்தான் எங்கும் கிடைக்கிறது. ஒரு முறை நடவுக்கு வந்திருந்த ஓர் அம்மாள் மட்டும், குனிந்த தலை நிமிராமல், "தண்ணி நின்னாத்தான் புல்லு தலை தூக்காது" என்றார். விஷயம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருக்கிறது.

விதை முளைக்கக் காற்று வேண்டும். வயலில் தண்ணீர் நின்றால் மண்ணுக்குள் காற்று போகாது. ஆகவே பெரும்பாலான களை விதைகள் முளைக்காமல் அடங்கிக் கிடக்கின்றன. நெற்பயிர் மட்டும் எப்படிப் பிழைக்கிறது? அதன் தண்டிலும் வேரிலும் காற்றுப் போக நுண்ணிய குழல்கள் இருக்கின்றன. இலை வழியாக இறங்கும் காற்றை வைத்துக்கொண்டு அது சமாளிக்கிறது. சமாளிக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும். நாள் முழுக்கத் தண்ணீர் நிற்கும் வயலில் கதிர் வரும் சமயத்தில் ஒரு குத்தைப் பிடுங்கிப் பாருங்கள். வேரில் பெரும்பகுதி பழுப்பும் கறுப்புமாக அழுகியிருக்கும். காய்ச்சலும் பாய்ச்சலுமாக வளர்ந்த குத்தைப் பிடுங்கவே சிரமம். வேர் வெள்ளையாக, கொத்தாக, ஒரு கூடை மண்ணோடு வரும்.

ஆக, நாம் கட்டும் தண்ணீரில் பெரும்பங்கு களைக்குப் போடுகிற பூட்டு. பூட்டு வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இதைப் பயிரின் தேவை என்று நினைத்ததால் வேறு பல பழக்கங்களும் அதன் பின்னாலேயே வந்துவிட்டன. கொஞ்சம் கவனியுங்கள். வயலில் தண்ணீர் நிற்பதால் இளநாற்றை நட்டால் மூழ்கிவிடும். ஆகவே 25, 30 நாள் நாற்றாக, உயரமாகப் பார்த்து நடுகிறோம். அந்த வயது நாற்றைப் பிடுங்கும்போது வேர் அறுகிறது, முடிச்சுப் போட்டு வரப்பில் கிடக்கும்போது வாடுகிறது, நட்டபின் பச்சை பிடிக்கவே ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. தூர் கட்ட வேண்டிய நாட்கள் இப்படிப் போய்விடுவதால் தூர் குறைகிறது. தூர் குறைவதால் குத்துக்கு நாலு, ஐந்து நாற்று வைக்கிறோம். அதற்கு ஏக்கருக்கு 25, 30 கிலோ விதை, எட்டு சென்ட் நாற்றங்கால், அந்த நாற்றங்காலுக்கும் தண்ணீர்! அடியில் இருக்கும் ஒரு நினைப்பின் மேல் இத்தனை செலவு அடுக்கி வைத்திருக்கிறோம்.

இந்த அடுக்கைக் கலைத்துப் பார்த்தது இந்துமாக்கடலில் உள்ள மடகாஸ்கர் தீவில். ஆன்ரி டி லொலனியே என்ற பிரெஞ்சுப் பாதிரியார், விவசாயம் படித்தவர், 1961-ல் அங்கே போனார். அந்சிராபே என்ற ஊரில் இளைஞர்களுக்கு ஒரு விவசாயப் பள்ளி நடத்தி வந்தார். 1983-ல் மழை பொய்த்தது. நாற்று முற்றும் வரை காத்திருக்க நேரமில்லை. 15 நாள் நாற்றையே, குத்துக்கு ஒன்றாக, சதுரமாக இடம் விட்டு நட்டார்கள். முதல் மாதம் வயலைப் பார்த்தவர்களுக்கு ஏமாற்றம்தான். பிறகு அந்த ஒற்றை நாற்றுகள் வெடித்த தூரைப் பார்த்து எல்லோரும் அசந்து போனார்கள். வறட்சி தள்ளிவிட்டதால் நடந்தது அது. ஆனால் அடுத்த வருஷம் மழை பெய்ததும் பழையபடி முற்றின நாற்றுக்குத் திரும்பாமல், ஏன் இப்படி ஆயிற்று என்று அவர் விசாரித்தார் பாருங்கள், அங்கேதான் நமக்குப் பாடம் இருக்கிறது.

காரணம் இதுதான். நாற்றில் நாலாவது இலை வருகிற சமயத்தில் முதல் தூர் கிளம்ப ஆரம்பிக்கிறது. அதற்கு முன்பே, வேரில் மண்ணோடு, விதை கழன்று விழாமல் எடுத்து நட்டுவிட்டால் பயிருக்கு அதிர்ச்சி இல்லை.

நம் தமிழ்நாட்டில் வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2000-ஆம் ஆண்டு வாக்கில் இதைச் சோதிக்கத் தொடங்கியது. 2003-04-ல் காவிரிப் பாசனத்திலும் தாமிரபரணிப் பாசனத்திலும் விவசாயிகளின் சொந்த வயல்களிலேயே நூறு நூறு இடங்களில் வழக்கமான நடவையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். தாமிரபரணியில் ஹெக்டேருக்குச் சராசரியாக ஒன்றரை டன் கூடுதலாகக் கிடைத்தது. 'ஒற்றை நாற்று நடவு' என்றும், 'செம்மை நெல் சாகுபடி' என்றும் நீங்கள் கேள்விப்பட்டது இதைத்தான். ஏக்கருக்கு இரண்டு மூன்று கிலோ விதை, ஒரு சென்ட் பாய் நாற்றங்கால், 14 நாள் நாற்று, 22.5 சென்டிமீட்டர் சதுர இடைவெளி, மண்ணில் மயிரிழை வெடிப்பு தெரிந்ததும் இரண்டரை சென்டிமீட்டர் தண்ணீர். களைக்குத் தண்ணீர் போட்ட பூட்டு இப்போது இல்லை அல்லவா? அந்த வேலையைக் கோனோவீடர் என்கிற உருளைக் களைக்கருவி செய்கிறது. நட்ட பத்தாம் நாளிலிருந்து பத்து நாளுக்கு ஒரு தரம், குறுக்கும் நெடுக்கும். களை சேற்றில் அமுங்கி உரமாகிறது. மண்ணுக்கும் காற்று கிடைக்கிறது.

மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறப்பது வழக்கம். 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் அந்தத் தேதியில் திறக்க முடியவில்லை. இந்தக் கணக்கை மனசில் வைத்துக்கொண்டு மேலே சொன்னதை நினைத்துப் பாருங்கள்.

"அப்படியானால் எல்லாரும் ஏன் செய்யலை?" நியாயமான கேள்வி. நட்ட மூன்று வாரம் வரை வயல் மொட்டையாகத் தெரியும். "என்ன மாமா, தரிசா போட்டுட்டீங்களா?" என்று போகிறவர் வருகிறவர் எல்லாம் கேட்பார்கள். அதைத் தாங்க ஒரு மனசு வேண்டும். இன்னொன்று, சிபாரிசு செய்த அதிகாரிகளும் ஒன்றை யோசிக்காமல் எடுத்துக்கொண்டார்கள்: வயல்காரர் சம்மதித்தால் போதும் என்று. நடுகிற கை பெண்களுடையது. ஏக்கர் கணக்கில் கொத்து பேசி நடுகிறவர்களுக்குச் சின்ன நாற்றை அளவுக் கயிறு பார்த்து ஒவ்வொன்றாக வைப்பது முதல் வருஷம் கூலி நஷ்டம். கோனோவீடர் கனமானது; அதை ஆண்கள் தள்ள, கைக்களை எடுத்த பெண்களுக்கு வேலை நாள் குறைந்தது. கூலியைப் புதிதாகப் பேசாமல் நடவை மட்டும் மாற்றினால் அது நிற்காது என்பது என் அபிப்பிராயம்.

புதிது எல்லாம் நல்லது என்று நினைத்துவிடவும் கூடாது. சென்னை கிண்டியிலிருந்து அடையாற்றைத் தாண்டினால் சைதாப்பேட்டை. அங்கே 1865-ல் கவர்னர் டெனிசன் காலத்தில் ஓர் அரசாங்கப் பண்ணை வைத்தார்கள். சீமையிலிருந்து நீராவிக் கலப்பைகள், விதைக்கும் கருவிகள் எல்லாம் வந்தன. இந்தியன் ஏர் மண்ணைக் கீறத்தான் செய்கிறது, ஆழ உழுதால் விளைந்துவிடும் என்பது அவர்கள் நினைப்பு. நீராவிக் கலப்பை நம் வயலுக்கு வந்து சேரவில்லை. பிறகு 1889-ல் வந்த வோல்க்கர் என்ற விவசாய ரசாயன நிபுணர் நாடு முழுக்கச் சுற்றி, 1893-ல் வெளிவந்த தம் அறிக்கையில், இந்தியக் குடியானவன் சராசரி ஆங்கிலேய விவசாயிக்குச் சளைத்தவன் அல்ல என்று எழுதினார். மாட்டின் பலம், ஊர்க் கொல்லன் பழுது பார்க்கும் வசதி, மண்ணின் ஈரம் இவற்றுக்குத் தக்கபடிதான் ஏர் இலேசாக இருக்கிறது என்பது கேட்டவருக்குத்தான் தெரிந்தது.

அதேபோல இந்தக் காய்ச்சல் பாய்ச்சலும் எல்லா வயலுக்கும் ஆகாது. உப்புத் தண்ணீர் பாயும் நிலத்தில் காயவிட்டால் உப்பு மேலே வரும். ஐப்பசி, கார்த்திகையில் வடியாத பள்ளக்கால் வயலில் 14 நாள் நாற்று மூழ்கிப் போகும். அங்கே பழைய முறைக்குக் காரணம் இருக்கிறது.

மற்றவர்கள் இந்தப் பட்டத்தில் ஒரு பத்து சென்ட்டில் மட்டும் பாருங்கள். நடவு முறையை மாற்றக்கூட வேண்டாம். 30 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு பி.வி.சி. குழாய்த் துண்டு எடுத்து, கீழ்ப்பாதியில் சுற்றிலும் துளை போட்டு, அந்தப் பாதி மண்ணுக்குள் போகும்படி வரப்போரம் புதையுங்கள். உள்ளே இருக்கும் மண்ணை அள்ளிவிடுங்கள். நட்டு இரண்டு வாரம் கழித்து, தண்ணீர் நிலமட்டத்துக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கும்வரை மடையைத் திறக்காதீர்கள். மேலே மண் காய்ந்திருக்கும், குழாய்க்குள் தண்ணீர் தெரியும். வேர் அங்கே குடித்துக்கொண்டிருக்கும். பூக்கும் பருவத்தில் மட்டும், ஒரு வாரம் முன்னும் ஒரு வாரம் பின்னும், தண்ணீர் காயவிடக் கூடாது. எத்தனை மடை மிச்சமாயிற்று என்று வீட்டுக் காலண்டரில் குறித்துக்கொண்டு வாருங்கள். அறுவடையில் மூட்டைக் கணக்கையும் அதன் பக்கத்திலேயே எழுதுங்கள்.