‘டக்’ என்றால் மோட்டார் போச்சா?



டிராக்டரில் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்புகிறோம். ‘டக்’ என்று ஒரு சத்தம். அதோடு சரி, இன்ஜின் அசையவில்லை. பக்கத்தில் நிற்பவர் உடனே தீர்ப்புச் சொல்லிவிடுவார்: “செல்ஃப் போயிருச்சு, கழட்டு!”

நானும் அப்படித் தீர்ப்புச் சொன்னவன்தான். அதனால் என் மாமாவின் பணம் போகப் பார்த்தது. என் காலும் போகப் பார்த்தது. ஸ்டார்ட்டர் மோட்டாரின் படத்தை வரைந்து பாகம் குறித்தால் பரீட்சையில் மார்க் கிடைத்துவிடும். ஆனால் அது வேலை செய்யாத நாளில் எங்கிருந்து தேடத் தொடங்குவது? அதை நான் தோப்பில்தான் கற்றுக்கொண்டேன்.

செல்ஃப் செய்யும் வேலை

ஒரு காலத்தில் வண்டிகளை இரும்புக் கைப்பிடி போட்டுச் சுற்றித்தான் கிளப்பினார்கள். இன்ஜின் எதிர்ப்பக்கம் உதைத்தால் மணிக்கட்டு முறிந்துவிடும். சார்லஸ் கெட்டரிங் என்ற அமெரிக்கப் பொறியாளர் உருவாக்கிய மின்சார ஸ்டார்ட்டர் 1912-ஆம் ஆண்டு காடிலாக் கார்களில் வந்தது. நம் மாநிலத்திலும் 1961-ல் தொடங்கிய லூகாஸ் டி.வி.எஸ். நிறுவனம் சென்னை பாடியில் ஸ்டார்ட்டர் மோட்டார்களைத் தயாரித்து வருகிறது.

சாவியைத் திருப்பியதும் சிறிய அளவு மின்சாரம் சொலினாய்டுக்குப் போகிறது. சொலினாய்டு இரண்டு வேலை செய்கிறது. பினியனைத் தள்ளி ஃப்ளைவீல் பல்லோடு கோக்கிறது. உள்ளே இருக்கும் தடித்த செம்புத் தொடர்பை மூடுகிறது. அதன் பிறகுதான் சுமார் 200 ஆம்பியர் பெரிய மின்சாரம் மோட்டாருக்குள் பாய்கிறது.

ஆக, நாம் கேட்கும் ‘டக்’ மோட்டாரின் சத்தமே அல்ல, சொலினாய்டின் சத்தம்!

மாந்தோப்பில் நடந்தது

ராஜபாளையத்துக்கு மேற்கே, அய்யனார் கோயில் போகும் வழியில் என் மாமாவுக்கு ஒரு மாந்தோப்பு. சப்பட்டையும் பஞ்சவர்ணமும் காய்த்துத் தொங்கிய சித்திரை மாதம். காய் பறிக்க ஆள் இறங்குவதற்கு முன் புல்லை வெட்ட வேண்டும். சிறிய டிராக்டரின் பின்னால் புல் வெட்டும் சிலாஷரை மாட்டி வைத்திருந்தார். சாவியைத் திருப்பினால் ‘டக்’.

“மாப்ள, நீதான் மெக்கானிக்கல் படிக்கிறியே, என்னன்னு பாரு” என்றார்.

பாட்டரியில் மல்டிமீட்டரை வைத்தேன். 12.5 வோல்ட். “பாட்டரி நல்லாருக்கு மாமா, மோட்டார்தான் போச்சு” என்றேன். அதோடு விட்டேனா? பின் சக்கரத்துக்கு முன்னால் நின்றுகொண்டு, சொலினாய்டின் இரண்டு முனைகளையும் ஸ்குரூடிரைவரால் இணைத்துப் பார்த்தேன். ஒன்பது தடவை ‘டக்’. பத்தாவது தடவை மோட்டார் திடீரென்று பிடித்துக்கொண்டது. வண்டி கியரில் நிற்கிறது என்பதை நான் பார்க்கவே இல்லை!

டிராக்டர் ஒரு முழ தூரம் முன்னால் வந்தது. மாமா என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார். நான் நின்ற இடத்தில் டயர் நின்றது. இன்ஜின் மட்டும் கிளம்பியிருந்தால் இந்தக் கட்டுரையை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

கியரில் இருந்தால் செல்ஃப் வேலை செய்யாதபடி பல டிராக்டர்களில் நியூட்ரல் சுவிட்ச் இருக்கிறது. ஸ்குரூடிரைவரால் இணைக்கும்போது நாம் அந்தக் காவலைத் தாண்டிக் குதிக்கிறோம். தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள்.

அண்ணாச்சி கேட்ட கேள்வி

மோட்டாரைக் கழற்றிச் சாக்கில் கட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனோம். புது மோட்டார் வாங்க, மாங்காய் வியாபாரி கொடுத்த முன்பணம் மாமாவின் பையில் இருந்தது. அங்கே ஓர் ஆட்டோ எலக்ட்ரீசியன் அண்ணாச்சி மோட்டாரை வைஸில் இறுக்கி, பாட்டரியில் இருந்து நேராக மின்சாரம் கொடுத்தார். ‘விர்ர்’ என்று சுற்றியது.

“சும்மா சுத்துறதை வச்சு மட்டும் நல்ல மோட்டார்னு சொல்ல முடியாது தம்பி. ஆனா வண்டி கொஞ்சம் நகந்துச்சுன்னு சொன்னியே, செத்த மோட்டார் டிராக்டரைத் தள்ளுமா?”

எனக்குப் பதில் வரவில்லை.

“வோல்டேஜ் எப்போ பாத்த?”

“சும்மா இருக்கும்போது.”

“சாவியைத் திருப்பிக்கிட்டே பாக்கணும். போயி எர்த் வயரைப் பாரு.”

திரும்பி வந்து மோட்டாரை மாட்டினோம். மாமா சாவியைத் திருப்ப, நான் மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் நெகட்டிவ் முனையிலும், மறு முனையை மோட்டாரின் உடம்பிலும் வைத்தேன். 3.8 வோல்ட்! அந்த இடத்தில் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டவே கூடாது. எர்த் கேபிள் சேஸிஸில் சேரும் இடத்தில் போல்ட் தளர்ந்து, உள்ளே துரு.

நாம் முதலாண்டில் படித்த ஓம் விதிதான் இது. துருவின் தடை 0.02 ஓம் என்று வையுங்கள். 200 ஆம்பியர் பாயும்போது 0.02 × 200 = 4 வோல்ட் அங்கேயே போய்விடும். மின்சாரம் பாயாதபோது இழப்பும் இல்லை. அதனால்தான் மீட்டர் 12.5 என்று காட்டி என்னை ஏமாற்றியது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, போல்ட்டை முறுக்கினோம். இன்ஜின் உடனே கிளம்பியது. முன்பணம் பையிலேயே இருந்தது.

வரிசையாகச் சோதிக்கும் முறை

முதலில் கியர் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, பி.டி.ஓ. லீவரையும் விடுவித்துக்கொள்ளுங்கள். டீசலை நிறுத்தும் குமிழை இழுத்து வையுங்கள். பிறகு:

1. பாட்டரி. ஓய்வில் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ். சாவியைத் திருப்பும்போது 9.6-க்குக் கீழே இறங்கினால் பாட்டரியைச் சந்தேகப்படுங்கள். ‘டக் டக் டக்’ என்று விடாமல் அடித்தாலும் பெரும்பாலும் அதே நோய்தான்.

2. சத்தமே இல்லையா? சொலினாய்டின் சிறிய முனைக்கு 12 வோல்ட் வருகிறதா பாருங்கள். வரவில்லை என்றால் ஃபியூஸ், சாவி சுவிட்ச், நியூட்ரல் சுவிட்ச் ஆகியவற்றில் ஒன்று.

3. கேபிள். பாஸிட்டிவ் வழி, எர்த் வழி இரண்டிலும், சாவியைத் திருப்பிக்கொண்டே இழப்பைப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும்.

4. ‘விர்ர்’ என்று சுற்றுகிறது, இன்ஜின் சுற்றவில்லை. பினியன், அதன் கிளட்ச், அல்லது ஃப்ளைவீல் பல் தேய்ந்திருக்கும்.

5. இன்ஜினே இறுகியிருக்கிறதா? கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் சுற்றிப் பாருங்கள்.

6. ‘டக்’ கேட்கிறது, ஆனால் ஹெட்லைட் மங்கவில்லை. அப்படியென்றால் பெரிய மின்சாரம் பாயவே இல்லை. சொலினாய்டிலிருந்து மோட்டாருக்குள் போகும் தடித்த முனையில் பாருங்கள். 12 வோல்ட் இல்லையென்றால் சொலினாய்டின் தொடர்பு தேய்ந்துவிட்டது. 12 வோல்ட் வந்தும் மோட்டார் சும்மா இருந்தால், குற்றவாளி மோட்டார்தான்.

உண்மையாகவே போன நாள்

ஐப்பசி மழையில் மறுபடியும் ‘டக்’. இந்த முறை வரிசையாகப் போனேன். பாட்டரி சரி, கேபிள் சரி, லைட் மங்கவில்லை, மோட்டார் முனையில் 12.3 வோல்ட். மரக்கட்டையால் மோட்டாரை லேசாகத் தட்டியதும் ஒருமுறை சுற்றி நின்றது. பிரஷ் தேய்ந்தால் இப்படித்தான். பிரித்தபோது பிரஷ் நகத்தளவுதான் மிச்சம். கம்யூட்டேட்டர் கருகிக் குழி விழுந்திருந்தது. புஷ் தேய்ந்து ஆர்மேச்சர் உரசியிருந்தது. பிரஷ் மட்டும் என்றால் மாற்றியிருக்கலாம். இத்தனையும் போனதால் புது மோட்டார்தான் என்று மாமாவிடம் சொன்னேன். இந்த முறை அவர் தயங்காமல் பணத்தை எடுத்தார்.

மாற்றும்போது பாட்டரியின் நெகட்டிவ் கேபிளை முதலில் கழற்ற வேண்டும், கடைசியில் மாட்ட வேண்டும். பாஸிட்டிவில் இருக்கும் ஸ்பேனர் சேஸிஸைத் தொட்டால் வெல்டிங் போலப் பொறி பறக்கும். ஒயர்களுக்கு அடையாளம் கட்டுங்கள். கடைசி போல்ட்டை எடுக்கும்போது மோட்டாரைக் கையால் தாங்குங்கள், கனமானது. புது மோட்டாரின் பினியன் பல் எண்ணிக்கை, சுற்றும் திசை, போல்ட் துளை, கிலோவாட் எல்லாம் பழையதோடு ஒத்துப்போக வேண்டும். பொருத்தும் முகத்தில் பெயின்ட், துரு இருக்கக் கூடாது. எர்த் அந்த வழியாகத்தான் போகிறது. மாட்டிய பிறகு பத்து விநாடிக்கு மேல் தொடர்ந்து சாவியைத் திருப்பிப் பிடிக்காதீர்கள். ஒரு நிமிடம் ஆறவிட்டு மறுபடி திருப்புங்கள்.

நாளை நாமும் ஏதாவது ஒரு பட்டறையில் நிற்கப் போகிறோம். “போச்சு, மாத்து” என்று யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். எது போச்சு, எப்படித் தெரியும் என்று மீட்டரை வைத்துக் காட்டுபவன்தான் டிப்ளமோக்காரன். நம்மை நம்பிப் பையில் கைவிடும் மனிதரின் பணம் பெரும்பாலும் ஒரு வருட உழைப்பு. அதை நினைத்துக்கொண்டு ஸ்பேனரை எடுப்போம்!