எரிகோவில் மூழ்கிய இளவரசன்

ஏரோது மன்னன் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது பெத்லகேம் குழந்தைகள். அவர்களைக் கொல்ல அவன் ஆணையிட்டதாக மத்தேயு நற்செய்தி கூறுகிறது. அதற்குச் சுமார் முப்பது ஆண்டுகளுக்கு முன் அவன் தன் மைத்துனனையே கொல்வித்த கதை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் எழுதி வைத்துள்ள அந்த வரலாற்றைப் படித்ததிலிருந்து, அரிஸ்டோபுலஸ் என்ற அந்த இளவரசன் என் மனத்தை விட்டு அகலவில்லை.

அவன் ஹஸ்மோனியர் குலத்தவன். கி.மு. 167-இல் கிரேக்க ஆட்சியை எதிர்த்து எழுந்த மக்கபேயரின் வழிவந்த குலம் அது. யூதேயாவின் அரியணையும் எருசலேம் ஆலயத்தின் தலைமைக் குருப் பதவியும் அவர்களிடமே இருந்தன. கி.மு. 63-இல் ரோமப்படை வந்தது. கி.மு. 49-இல் அரிஸ்டோபுலஸின் தந்தை அலெக்ஸாண்டரை ரோமர்கள் அந்தியோக்கியாவில் தலை வெட்டிக் கொன்றனர். அப்போது இவன் சிறு குழந்தை.

கி.மு. 40-இல் ரோம் ஏரோதுவை அரசனாக அறிவித்தது. கி.மு. 37-இல் அவன் எருசலேமைப் பிடித்தான். பழைய அரச குலத்தோடு உறவு வேண்டி, அரிஸ்டோபுலஸுடன் பிறந்த மரியம்னேயை மணந்துகொண்டான். முடி கிடைத்தது, ஆனால் குருப் பதவி ஆரோன் வழியினருக்கே உரியது. ஏரோதுவோ இதுமேயக் குடும்பத்தவன். எனவே பாபிலோனியாவிலிருந்து ஹனனேல் என்பவரை அழைத்து அந்தப் பதவியில் அமர்த்தினான்.

அரிஸ்டோபுலஸின் தாய் அலெக்ஸாண்ட்ராவுக்கு இது பொறுக்கவில்லை. எகிப்து அரசி கிளியோபாத்ராவுக்கு எழுதி, அவள் மூலம் ரோமானியத் தலைவன் ஆண்டனியின் காதில் போட்டாள். பையனின் அழகைக் கேள்விப்பட்ட ஆண்டனி அவனைத் தன்னிடம் அனுப்பும்படி கேட்டான். ஏரோது விழித்துக்கொண்டான். அவன் நாட்டை விட்டுப் போனால் கலகம் மூளும் என்று பதில் எழுதிவிட்டு, ஹனனேலை நீக்கி, 17 வயதுப் பையனைத் தலைமைக் குருவாக்கினான்.

மகனுக்குப் பதவி கிடைத்தும் தாய்க்கு நிம்மதி இல்லை. அவளை ஏரோது காவலில் வைத்தான். இரண்டு சவப்பெட்டிகளில் தானும் மகனும் ஒளிந்து எகிப்துக்குத் தப்பிச் செல்ல அவள் ஏற்பாடு செய்தாள். வேலைக்காரன் ஒருவன் வாய்தவறிச் சொன்னதால் அது வெளிப்பட்டது. ஏரோது இருவரையும் மன்னித்ததுபோல் காட்டிக்கொண்டான்.

பிறகு கூடாரப் பெருவிழா வந்தது. குருவின் திருவுடையில் அரிஸ்டோபுலஸ் பலிபீடம் ஏறினான். வயதை மீறிய உயரம்; குலத்தின் பெருமையெல்லாம் முகத்தில் தெரிந்தது. திரண்டிருந்த மக்கள் உணர்ச்சிவசப்பட்டு வாழ்த்தொலி எழுப்பினார்கள். பையன் சதி செய்யவில்லை, படை திரட்டவில்லை. சடங்கைப் பிழையின்றிச் செய்தான், அவ்வளவே. ஆனால் அந்த வாழ்த்தொலி ஏரோதுவின் காதில் வேறு விதமாக விழுந்தது.

விழா முடிந்ததும் எரிகோவில் அலெக்ஸாண்ட்ரா விருந்து வைத்தாள். நல்ல வெயில். அரண்மனைக் குளங்களில் சிலர் நீந்திக்கொண்டிருந்தார்கள். ஏரோது தூண்டவே அரிஸ்டோபுலஸும் இறங்கினான். இருட்டும் வேளையில், விளையாடுவதுபோலவே அவனை நீருக்குள் அழுத்தினார்கள். மூச்சு நிற்கும்வரை விடவில்லை. கி.மு. 35 வாக்கில் நடந்தது இது. அவனுக்கு வயது 18.

ஏரோது கண்ணீர் விட்டான். அடக்கத்தை வெகு விமரிசையாக நடத்தினான். உண்மை தெரிந்தும் தெரியாதவள்போல் இருந்தாள் தாய். கிளியோபாத்ராவின் தூண்டுதலால் ஆண்டனி ஏரோதுவை விசாரணைக்கு அழைத்தான். ஏரோது வெகுமதிகளோடு போய், குற்றமற்றவனாகத் திரும்பி வந்தான்.

ஜோசிபஸ் இதை எழுதியது நூறாண்டுக்கும் பிறகு. அவருடைய இரு நூல்களும் விவரங்களில் வேறுபடுகின்றன: ஒன்றில் மாலை விளையாட்டு, மற்றொன்றில் இரவில் காலிய வீரர்களின் கைவரிசை. ஆனால் குளங்கள் கற்பனையல்ல. 1970களில் தொடங்கி இஸ்ரேலிய அகழ்வாய்வாளர் எஹுத் நெட்ஸர் எரிகோவில் ஹஸ்மோனியரின் குளிர்கால அரண்மனைகளையும் பெரிய நீச்சல் குளங்களையும் தோண்டி வெளிக்கொணர்ந்தார்.

தாய் அவனை வைத்து அரியணைக்கு வழி தேடினாள். ஏரோது அவனை வைத்து மக்களைச் சமாதானப்படுத்தப் பார்த்தான். மக்கள் அவனிடம் இழந்த பெருமையைக் கண்டார்கள். அவனுக்கு என்ன வேண்டும் என்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

மரியம்னே தன் மகன் ஒருவனுக்கு அரிஸ்டோபுலஸ் என்றே பெயர் வைத்தாள். கி.மு. 29-இல் அவளையும், அடுத்த ஆண்டு அவள் தாயையும் ஏரோது கொன்றான். கி.மு. 7-இல் அந்த மகனும், அவன் அண்ணனும் தந்தையின் ஆணையாலேயே மாண்டார்கள்.