பழைய பிக்கப்புக்கு மாற்று எஞ்சின்: இலாபமா, நட்டமா?

லாரி வாங்க வசதியில்லாத சிறு வணிகருக்குக் கை கொடுப்பது பிக்கப் வண்டியே. வாழைத்தார், தேங்காய், மரச்சாமான், மீன்பெட்டி, பந்தல் சாமான் என எதை ஏற்றினாலும் முகம் சுளிக்காமல் சுமந்து செல்கிறது. பதினைந்து இருபது ஆண்டுகள் உழைத்தபின், ஒரு நாள் மேட்டில் ஏறும்போது அதற்கு மூச்சு வாங்குகிறது. பின்னால் வருவோர் மூக்கைப் பொத்திக்கொள்ளும் அளவுக்குப் புகை கக்குகிறது. சேஸிஸில் துரு இல்லை, கேபின் நன்றாயிருக்கிறது, தொட்டியும் உறுதியாகவே உள்ளது. ஓய்ந்துபோனது எஞ்சின் மட்டுமே.

புதிய வண்டி வாங்குவதென்றால் பெரும்பாலும் நிதி நிறுவனத்தின் படியேற வேண்டும். வட்டிக்கு ஒப்பிக் கையெழுத்திட வேண்டும். அதற்கு மனம் இசையாதவர்கள் நம் வாசகர்களில் ஏராளம். அந்தத் தயக்கத்தை அறிந்தோ அறியாமலோ பட்டறைக்காரர் ஒரு வழி சொல்கிறார்: "எஞ்சினை மாத்திடுவோம் பாய். புதுப்பேட்டையில் நல்ல சாமான் ஒண்ணு இருக்கு. இதைவிடப் பெரிசு. வண்டி பறக்கும்!"

பறக்கத்தான் செய்யும். ஆனால் எங்கே போய் இறங்கும் என்பதையும் சேர்த்தே நாம் எண்ண வேண்டியிருக்கிறது.

முதலில், எஞ்சின் உண்மையிலேயே முடிந்துவிட்டதா என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். புகையின் நிறமே பாதிச் செய்தியைச் சொல்லிவிடும். நீலம் கலந்த புகை வந்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது என்று பொருள். பிஸ்டன் ரிங், லைனர், வால்வு சீல் ஆகியவற்றில் ஒன்று தேய்ந்திருக்கும். கரும்புகை வந்தால் டீசல் மிகுதியாகவோ காற்று குறைவாகவோ செல்கிறது. நாசில், பம்ப், ஏர் ஃபில்டர் இவற்றைப் பார்க்க வேண்டும். இதற்காக எஞ்சினையே மாற்றுவது தலைவலிக்குத் தலையை மாற்றுவது போன்றது. விடாது வெண்புகை வந்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்துகொண்டே போனால், ஹெட் கேஸ்கெட் போயிருக்கக்கூடும். ஒவ்வொரு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் எவ்வளவு என்று அளந்து பார்க்கும் கருவி நல்ல பட்டறைகள் எல்லாவற்றிலும் உண்டு. அந்த அளவைப் பார்க்காமல் எஞ்சினை இறக்கச் சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள். பிளாக்கில் விரிசல் இல்லை, கிராங்க் ஷாஃப்ட் உடையவில்லை என்றால், லைனர், பிஸ்டன், பேரிங் மாற்றிப் புதுப்பித்துக்கொள்வதே பெரும்பாலான வண்டிகளுக்குப் போதுமானது. எஞ்சின் எண் மாறாது என்பது இதில் கூடுதல் நன்மை. அந்த எண்ணைப் பற்றிப் பின்னர் பேசுவோம்.

எஞ்சின் மாற்றம் என்பது பட்டறைக்காரர்கள் கண்டுபிடித்த தந்திரமன்று. வண்டி செய்யும் நிறுவனங்களே அதைச் செய்திருக்கின்றன. வில்லீஸ் நிறுவனத்தின் ஜீப்பில் முதலில் இருந்தது 60 குதிரைத் திறன் கொண்ட நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். அதன் வால்வுகள் எல்லாம் பிளாக்கின் பக்கவாட்டில் இருந்தன. பின்னர் அதே 2.2 லிட்டர் கொள்ளளவில், காற்று உள்ளே வரும் வால்வை மட்டும் தலைக்கு மேலே ஏற்றி 'ஹரிக்கேன்' என்ற எஞ்சினைச் செய்தார்கள். திறன் 70 குதிரைக்கு மேல் உயர்ந்தது. எஞ்சினின் உயரமும் உயர்ந்தது. 1950இல் அதை அவர்களுடைய பிக்கப் வண்டியில் வைத்தபோது தொல்லை ஏதுமில்லை, பானட்டுக்கு அடியில் தாராளமாக இடமிருந்தது. ஆனால் 1953இல் சிறிய ஜீப்பில் வைக்க முற்பட்டபோது பானட் மூடவில்லை. ஆகவே பானட்டையும் முன் கிரில்லையும் உயர்த்திப் புதிதாகச் செய்ய வேண்டியதாயிற்று. நம் நாட்டுச் சாலைகளில் பல்லாண்டுகள் ஓடிய, நெற்றி உயர்ந்த அந்த சி.ஜே.3பி ஜீப்பை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த நெற்றி உயர்ந்ததற்குக் காரணம் இதுவே.

அதை இங்கே தயாரித்த நிறுவனத்துக்கு வேறொரு வரலாறும் உண்டு. 1945இல் தொடங்கியபோது அதன் பெயர் மஹிந்திரா அண்ட் முஹம்மத். பங்காளியான மாலிக் குலாம் முஹம்மத் பிரிவினைக்குப் பின் பாகிஸ்தான் சென்று, அந்நாட்டின் முதல் நிதியமைச்சராகவும் 1951 முதல் 1955 வரை கவர்னர் ஜெனரலாகவும் இருந்தார். 1948இல் நிறுவனம் மஹிந்திரா அண்ட் மஹிந்திரா ஆயிற்று.

பெட்ரோலுக்கும் டீசலுக்கும் விலையில் பெரும் இடைவெளி இருந்த காலத்தில், இந்த ஜீப்புகளிலும் அவற்றின் பிக்கப் வடிவங்களிலும் பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு டீசல் எஞ்சின் ஏற்றுவது தமிழகத்திலும் கேரளத்திலும் ஒரு தனித் தொழிலாகவே நடந்தது. பிரான்சின் பெழோ நிறுவன உரிமத்தில் வந்த 2.1 லிட்டர் எஞ்சினும், மெர்சிடிஸ் பென்ஸ் உரிமத்தில் பஜாஜ் டெம்போ தயாரித்த 2.4 லிட்டர் ஓ.எம்.616 எஞ்சினும் இதற்குப் பெயர்பெற்றவை. 'மட்டடோர் எஞ்சின் வைத்த வண்டி' என்று சொல்லி விலையைக் கூட்டிக் கேட்ட தரகர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஓ.எம்.616 உண்மையில் நல்ல எஞ்சின். ஜெர்மனியில் அது வாடகைக் கார்களை ஓட்டிய எஞ்சின்.

அந்த மாற்றத்தில் பட்டறையில் என்னென்ன நடந்தன என்பதை அறிந்தால், எஞ்சினை மட்டும் மாற்றுவது என்பதே இல்லை என்பது உங்களுக்கு விளங்கும்.

டீசல் எஞ்சின் கனமானது. எனவே முன்பக்க ஸ்பிரிங் பட்டைகளைக் கூட்ட வேண்டும். எஞ்சினைத் தாங்கும் மவுண்டிங்குகளைச் சேஸிஸில் புதிதாகப் பற்றவைக்க வேண்டும். எஞ்சினின் பின்பக்கமும் கியர் பெட்டியின் முன்பக்கமும் வெவ்வேறு நிறுவனத்தாருடையவை. ஒன்றின் போல்ட் துளைகள் மற்றொன்றோடு பொருந்தா. இடையில் ஒரு கனத்த இரும்புத் தட்டை லேத்தில் கடைந்து வைக்கிறார்கள். முழு வேலையின் உயிர்நாடி அந்தத் தட்டுதான். கிராங்க் ஷாஃப்டின் மையமும் கியர் பெட்டி ஷாஃப்டின் மையமும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். ஒரு மில்லிமீட்டரைப் பத்தாகப் பங்கிட்டு அதில் ஓரிரு பங்கு விலகினாலும் போதும்: பைலட் பேரிங் இரையும், கிளட்ச் அதிரும், சில மாதங்களில் கியர் தானாகவே நழுவத் தொடங்கும். உரிமையாளரோ கியர் பெட்டியைக் குறை சொல்லி அதை இரண்டு முறை பிரித்து மாட்டுவார். டயல் கேஜ் வைத்து அளக்கத் தெரியாத பட்டறையில் இந்த வேலையைக் கொடுப்பது கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோக்கச் சொல்வதற்கு ஒப்பாகும்.

இன்னும் இருக்கிறது. பெட்ரோல் வண்டியில் டாங்கிலிருந்து எஞ்சினுக்கு ஒரு குழாய் போதும். டீசலிலோ மிஞ்சும் எரிபொருள் திரும்பி டாங்குக்குச் செல்ல மற்றொரு குழாய் வேண்டும். பெட்ரோல் எஞ்சின் காற்றை இழுக்கும்போது உண்டாகும் வெற்றிடத்தைக் கொண்டே பிரேக் பூஸ்டர் இயங்குகிறது. பழைய டீசல் எஞ்சினில் அந்த வெற்றிடம் கிடையாது. ஆல்டர்னேட்டரின் பின்னால் தனியாக ஒரு வேக்குவம் பம்ப் இல்லாவிட்டால், மிதித்த மிதிக்கு வண்டி நிற்காது. சாவியைத் திருப்பி மின்சாரத்தை நிறுத்தினால் பெட்ரோல் எஞ்சின் அணைந்துவிடும். டீசலில் எரிபொருளையே அடைக்க வேண்டும். பழைய ஜீப்புகளில் நிறுத்துவதற்கென்றே ஒரு கம்பியை இழுப்பார்களே, அது இதற்காகத்தான்.

வேகத்திலும் ஒரு பாடம் கிடைத்தது. ஜீப்பின் டிஃபரன்ஷியலில் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற, புரொபெல்லர் ஷாஃப்ட் ஐந்துக்கும் மேற்பட்ட சுற்றுகள் சுற்ற வேண்டும். விரைந்து சுற்றாத டீசல் எஞ்சினை அதில் வைத்தபோது, இழுவை அபாரமாக இருந்தது. ஆனால் நெடுஞ்சாலையில் எஞ்சின் அலறியதே தவிர வண்டி ஓடவில்லை. பிறகு கிரவுன் பினியனையும் மாற்றினார்கள். அதன் பின் வேகம் வந்தது. பிரேக் பழையதாகவே இருந்தது. நாற்பது கிலோமீட்டரில் செல்லும் வண்டியைவிட அறுபதில் செல்லும் அதே வண்டியை நிறுத்த, பிரேக் இரண்டேகால் மடங்கு ஆற்றலை விழுங்கியாக வேண்டும். எஞ்சினுக்குச் செலவழித்த பலர் இந்தக் கணக்கைப் போட்டதில்லை. நான் அறிந்தவரை, மாற்று எஞ்சின் வண்டிகளில் மிகவும் கவலைக்குரிய பகுதி இதுவே.

அமெரிக்காவில் பழைய பிக்கப்புகளுக்குப் புதிய எஞ்சின் ஏற்றுவது இன்று ஒரு பெரும் பொழுதுபோக்கு. ஜெனரல் மோட்டார்ஸ் 1997 முதல் தயாரித்த எல்.எஸ். வகை வி-8 எஞ்சின், திறனை நோக்க அளவில் சிறியது; ஐம்பது ஆண்டு பழைய ஷெவர்லே பிக்கப்பிலும் அடங்கிவிடும். அதற்கென மவுண்டிங், ஒயரிங், எண்ணெய்த் தொட்டி எல்லாம் பெட்டியில் அடைத்து விற்கிறார்கள். அங்கேகூடக் கலிபோர்னியா மாநிலத்தில், வைக்கும் எஞ்சின் வண்டியைவிடப் பழையதாக இருக்கக் கூடாது. அதற்குரிய புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகள் அனைத்தும் உடன் வர வேண்டும். அவர்களுக்கு அது ஞாயிற்றுக்கிழமை வண்டி. திங்கட்கிழமை காலை சந்தைக்குப் போக வேண்டிய வண்டியை வைத்து அந்த விளையாட்டை நாம் ஆட இயலாது.

இன்றைய நம் பிக்கப்புகளுக்கு வேறொரு சிக்கலும் உண்டு. காமன் ரெயில் எஞ்சின் என்பது வெறும் இரும்பு மட்டுமன்று. அதற்கு மூளையாக ஒரு கணினிப் பெட்டி, பத்துக்கும் மேற்பட்ட சென்சார்கள், சில மாதிரிகளில் சாவியையே அடையாளம் காணும் பூட்டு ஆகியவை உண்டு. எஞ்சினை மட்டும் வாங்கி வந்தால் அது வாயில்லாப் பூச்சியாகக் கிடக்கும். கொடுக்கும் வண்டியின் ஒயரிங், கணினிப் பெட்டி, சாவி ஆகிய அனைத்தையும் சேர்த்தே வாங்க வேண்டும். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ்.6 எஞ்சின்களில் புகை வடிகட்டும் பகுதிகளும் இதனோடு பின்னிக் கிடப்பதால், அவற்றைப் பழைய வண்டியில் ஏற்றும் எண்ணத்தையே விட்டுவிடலாம்.

இனி அந்த எண்ணுக்கு வருவோம். பதிவுச் சான்றில் சேஸிஸ் எண், எஞ்சின் எண், எரிபொருள், கன அளவு ஆகியவை எழுதப்பட்டிருக்கின்றன. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரித்த நிறுவனம் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. அங்கீகரிக்கப்பட்ட சி.என்.ஜி., எல்.பி.ஜி., மின்சார மாற்றுக் கருவிகளுக்கு நிபந்தனையோடு இடமளிக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும், கேரளத்திலிருந்து வந்த வழக்கொன்றில், நிறுவனம் குறித்த அமைப்புக்கு மாறாக மாற்றுவது ஆகாது என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு திருத்தப்பட்ட சட்டத்தின்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். தண்டனை உரிமையாளருக்கு என்பதைக் கவனியுங்கள்.

ஆகவே 'இதைவிடப் பெரிசு' என்ற ஆசைக்கு, பிழைப்புக்கு ஓடும் வண்டியில் இடமில்லை. எட்டு ஆண்டு கடந்த சரக்கு வண்டி ஆண்டுதோறும் எஃப்.சி.க்குப் போக வேண்டும். அங்கே எண் ஒத்துப்போகாவிட்டால் வண்டி வீட்டு வாசலில் நிற்கும். விபத்து நேர்ந்துவிட்டாலோ, காப்பீட்டு நிறுவனம் ஆய்வாளரை அனுப்பி முதலில் பார்க்கச் சொல்வது அந்த எண்களைத்தான். சொல்லாமல் மாற்றிய எஞ்சினைக் காட்டி இழப்பீட்டை மறுக்க அவர்களுக்கு வழி பிறந்துவிடும். அடிபட்டவருக்குக் கொடுக்க வேண்டிய தொகைகூட இறுதியில் உரிமையாளரின் தலையில் வந்து விழலாம். வட்டிக்கு அஞ்சி எஞ்சினை மாற்றியவர், வீட்டையே விற்கும் நிலைக்கு ஆளாவதா?

மாற்றியே தீர வேண்டுமென்றால், அதே நிறுவனத்தின் அதே வகை எஞ்சினைத் தேடுங்கள். மவுண்டிங், கியர் பெட்டி, ஒயரிங் எதுவும் மாறாது; இரண்டொரு நாளில் வேலை முடியும். அப்பொழுதும் எண் மாறுகிறதல்லவா? வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு முன்னதாகவே எழுதிக் கேட்டு, மாற்றிய பின் பிரேக் இன்ஸ்பெக்டரிடம் வண்டியைக் காட்டி, புதிய எண்ணைப் பதிவுச் சான்றில் ஏற்றிக்கொள்ளுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்து மூலம் தெரிவியுங்கள். நாளை அந்த வண்டியை விற்கும்போது வாங்குபவரிடமும் இதைச் சொல்லித்தான் விற்க வேண்டும். குறையை மறைத்து விற்பது ஆகாது என்பது நம் மத்ரஸாவில் ஓதும் பிள்ளைகளும் அறிந்ததே.

பழைய எஞ்சின் வாங்கும்போது ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். புதுப்பேட்டையானாலும் வேறு ஊரானாலும், பிளாக்கில் பொறித்த எண்ணை நீங்களே துடைத்துப் பாருங்கள். தேய்த்து அழித்த அடையாளமோ, மீண்டும் பொறித்த தடமோ தெரிந்தால், விலை எவ்வளவு மலிவானாலும் திரும்பி வந்துவிடுங்கள். அது திருட்டு வண்டியின் எஞ்சினாக இருக்கலாம். எண் தெளிவாயிருந்தால், அது எந்த வண்டியிலிருந்து இறக்கப்பட்டதோ அந்த வண்டியின் பதிவு இரத்தான சான்றின் நகலையும், எஞ்சின் எண் குறித்த பில்லையும் கேட்டு வாங்குங்கள். உங்கள் பழைய எஞ்சினை உடனே காயலான் கடையில் போட்டுவிடாமல், புதிய எண் பதிவுச் சான்றில் ஏறும்வரை பட்டறையின் ஒரு மூலையில் வைத்திருக்கச் சொல்லுங்கள்.