கடலடி மேடுபள்ளத்தை ரேடார் எப்படி அறிகிறது?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குக் கிழக்கே பழவேற்காடு ஏரி. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா. 2012 ஏப்ரல் 26இல் ரிசாட்-1, 2022 பிப்ரவரி 14இல் இஓஎஸ்-04, 2025 ஜூலை 30இல் இஸ்ரோவும் நாசாவும் சேர்ந்து உருவாக்கிய நிசார் ஆகிய ரேடார் செயற்கைக்கோள்கள் அங்கிருந்துதான் கிளம்பின. மேகமும் இருட்டும் இவற்றுக்குத் தடையில்லை. கடலின் மேற்பரப்பை மட்டுமல்ல, அடியில் கிடக்கும் மணல்திட்டுகளின் அடையாளத்தையும் இத்தகைய ரேடார்கள் பதிவுசெய்யக்கூடும்.

நீருக்குள் இறங்காத கதிர்

ரேடாரின் நுண்ணலை கடல்நீரில் சில சென்டிமீட்டரைத் தாண்டிப் போகாது. அது அளப்பது மேற்பரப்பின் சொரசொரப்பை. காற்று எழுப்பும் சிற்றலைகள் ரேடாரின் அலைநீளத்துக்கு நெருக்கமான அளவில் இருந்தால் கதிரை வலுவாகத் திருப்பி அனுப்பும். படத்தில் அந்த இடம் வெளுப்பாகத் தெரியும். சிற்றலை அடங்கிய இடம் கறுப்பாக விழும்.

பிறகு கடலடி எப்படித் தெரிகிறது? ஆரணியாற்றில் கல் மூழ்கியிருக்கும் இடத்தில் மேல்நீர் சுழித்து நெளிவதைப் போலத்தான். நீரோட்டம் மணல்திட்டின் மேல் ஏறும்போது ஆழம் குறைவதால் வேகமெடுக்கிறது, தாண்டியதும் தளர்கிறது. வேகம் தளரும் இடத்தில் சிற்றலைகள் குவிகின்றன. வேகம் கூடும் இடத்தில் கலைகின்றன. படத்தில் இவை வெளுப்பும் கறுப்புமான பட்டைகளாகின்றன. 1978இல் நாசா ஏவிய சீசாட் மூன்று மாதத்துக்குச் சற்று மேல்தான் இயங்கியது. அதற்குள் அதன் படங்களில் இத்தகைய பட்டைகள் தெளிவாகப் பதிவாயின.

இதற்கு மிதமான காற்றும் வலுவான நீரோட்டமும் வேண்டும். நம் கரையில் கடல் ஏற்றவற்றம் சுமார் ஒரு மீட்டர்தான். எனவே எண்ணூர், பழவேற்காடு கடலின் மணல்திட்டுகள் எல்லாப் படத்திலும் தெரிந்துவிடாது. அங்கே இன்னொரு வழி கைகொடுக்கும்: கரையை நெருங்கும் பேரலைகளின் இடைவெளி, ஆழம் குறையக் குறையச் சுருங்கும். அந்தச் சுருக்கத்தை அளந்து ஆழத்தைக் கணிக்கலாம்.

ஆழ்கடலுக்கு முறை வேறு. கடலடி மலையின் ஈர்ப்பு நீரைத் தன்பக்கம் இழுப்பதால், 2 கி.மீ. உயர மலைக்கு மேல் கடல்மட்டம் ஓரிரு மீட்டர் புடைத்திருக்கும். 2013 பிப்ரவரி 25இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்ற இந்திய-பிரெஞ்சு சரல் செயற்கைக்கோள், அந்தப் புடைப்பை அளக்கவல்ல ரேடார் உயரமானியைச் சுமந்தது.

எண்ணூர் கற்றுத்தந்தது

ரேடார் காட்டுவது கடலடியை மட்டுமல்ல, எண்ணெய்க் கசிவையும்தான். 2017 ஜனவரி 28 அதிகாலையில், எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரு கப்பல்கள் மோதின. கசிந்த எண்ணெய் தெற்கே மெரினாவையும் தாண்டிப் பரவியது. எர்ணாவூரில் அதை வாளியால் அள்ளினார்கள். எண்ணெய்ப் படலம் சிற்றலைகளை அமுக்கிவிடும் என்பதால், ஐரோப்பாவின் சென்டினல்-1 ரேடார் படத்தில் கசிவு கறுப்புத் திட்டாகப் பதிவானது. ஆனால் கறுப்பெல்லாம் எண்ணெய் அல்ல. காற்று ஓய்ந்த கடலும், சிலவகைப் பாசிப் படலமும் அப்படியே தெரியும். படத்தைக் காற்றின் வேகத்தோடும் கடலில் இருப்பவர் சொல்வதோடும் ஒப்பிட்டே முடிவுக்கு வரவேண்டும்.

செய்ய வேண்டியது

நிசார் 12 நாளுக்கு ஒருமுறை அதே பாதைக்குத் திரும்புகிறது. கரையோர மாற்றத்தைக் கண்காணிப்பதும் அதன் பணிகளில் ஒன்று, தரவு இலவசம். சென்டினல்-1 படங்களும் அப்படியே. துறைமுகங்களும் அனல்மின் நிலையங்களும் நெருங்கிய இந்தக் கரையில், மணல் நகர்வதும் முகத்துவாரம் தூர்வதும் மீனவர் பிழைப்பை நேரடியாகத் தொடுகின்றன. ரேடார் படம் ஆழமானிக்கு மாற்றாகாது. எங்கே சென்று அளக்க வேண்டும் என்பதை அது சொல்லும்.

நம் ஊருக்குப் பக்கத்திலிருந்து விண்ணுக்குப் போன கருவிகளின் பலன் முதலில் நம் கடலோரத்துக்குச் சேரட்டும். எண்ணூர் முதல் பழவேற்காடு வரையிலான மணல்திட்டு, முகத்துவார மாற்றங்களை மீன்வளத் துறையும் கல்லூரிகளும் தொடர்ந்து வரைபடமாக்கி, தமிழில், மீனவக் கிராமங்களிலேயே வெளியிட வேண்டும். வன்னி, தெண்டி என்று நீரோட்டத்தைப் பிரித்தறியும் மீனவர்களிடம் காட்டிச் சரிபார்த்த பிறகே அவற்றை இறுதி செய்ய வேண்டும்.