‘லோ கார்ப்’ கேக்கும் சுகர் மாத்திரையும்

பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் பார்ப்பவர்கள் டீ நேரத்தில் சாப்பிடுவது பெரும்பாலும் பன், பஃப்ஸ், வர்க்கி. வீட்டில் ஒருவருக்குச் சுகர் என்று தெரிந்ததும் இவற்றுக்கு மாற்றுத் தேடுகிறோம். மைதா இல்லாத கேக்கை வீட்டிலேயே சுடுகிறோம், அல்லது வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் பார்த்து ஆர்டர் கொடுக்கிறோம். நல்ல மாற்றம்தான். ஆனால் அந்த வீட்டில் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் இருந்தால், கேக்கின் பெயரை மட்டும் நம்பிக் கொடுப்பது ஆபத்து.

முதலில் மாவு. ராகி கேக்கையும் கம்பு பிஸ்கட்டையும் ‘லோ கார்ப்’ என்று விற்கிறார்கள். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 பட்டியல்படி, 100 கிராம் மைதாவில் ஏறத்தாழ 74 கிராம் மாவுச்சத்து, ராகியில் 67, கம்பில் 62. சிறுதானியத்தில் நார்ச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் உண்டு, அதற்காகச் சாப்பிடலாம். ஆனால் அது குறைந்த மாவுச்சத்து உணவு அல்ல. மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல் மைதாவுக்குப் பதில் சிறுதானியம் என்று மாற்றுவதால் மட்டும் நீரிழிவு ஆபத்து குறைவதாகத் தெரியவில்லை என்று, 2025இல் வெளியான ஐசிஎம்ஆர்–இந்தியாப் (ICMR-INDIAB) ஆய்வும் சொல்கிறது. அந்த மாவோடு நாட்டுச்சர்க்கரையோ கருப்பட்டியோ சேர்ந்தால், ரத்தச் சர்க்கரை ஏறத்தான் செய்யும்.

உண்மையிலேயே மாவுச்சத்து குறைந்த பொருள்கள் நம் திருப்பூர் மாவட்டத்திலேயே கிடைக்கின்றன: காங்கேயம் பக்கத்துத் தேங்காய், ஊத்துக்குளி வெண்ணெய், முட்டை, நிலக்கடலை. கடலையில் 100 கிராமுக்கு மாவுச்சத்து 17 கிராம்தான். விலை கூடிய பாதாம் மாவு இல்லாமலே நல்ல கேக் சுடலாம். பூஞ்சை பிடித்த, கசக்கும் கடலையை மட்டும் பொறுக்கி எறிந்துவிடுங்கள். அதிலிருக்கும் அஃப்ளடாக்சின் ஈரலைக் கெடுக்கும், அடுப்புச் சூட்டிலும் முழுதாக அழியாது. கடலை ஒவ்வாமை உள்ள குழந்தை இருந்தால் இந்த கேக்கே வேண்டாம்.

‘சுகர் ஃப்ரீ’ என்று எழுத வேண்டுமானால், 100 கிராமில் அரை கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கக் கூடாது என்கின்றன 2018ஆம் ஆண்டு உணவு விளம்பர விதிகள். அந்தக் கணக்கில் மாவுச்சத்து வராது. அதனால் சர்க்கரை போடாத மைதா கேக்கிலும் முழு மாவுச்சத்து இருக்கலாம். மால்டிடால் என்ற இனிப்பூட்டியும் ரத்தச் சர்க்கரையை ஓரளவு ஏற்றும். அதிகம் சாப்பிட்டால் வயிற்றுப்போக்கும் வரும்.

நான் அதிகம் கவலைப்படுவது மாத்திரை பற்றித்தான். கிளிமிப்ரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளும் இன்சுலினும் நாம் என்ன சாப்பிட்டோம் என்று பார்த்துச் சர்க்கரையைக் குறைப்பதில்லை. மாவுச்சத்தைத் திடீரென்று குறைத்துவிட்டு அதே அளவு மருந்தை எடுத்தால் ‘லோ சுகர்’ ஆகும்: வியர்வை, நடுக்கம், குழப்பம், கடைசியில் மயக்கம். ஓவர்லாக் மெஷின் முன்னாலோ, நைட் ஷிப்ட் முடிந்து பைக் ஓட்டும்போதோ அப்படி ஆனால் உயிருக்கே ஆபத்து. அந்த நேரத்தில் லோ கார்ப் பிஸ்கட் காப்பாற்றாது. மூன்று டீஸ்பூன் சாதாரணச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்துச் சோதிக்க வேண்டும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108ஐ அழையுங்கள். எனவே இனிப்பையெல்லாம் மாற்றிய வீட்டிலும் ஒரு டப்பா சர்க்கரை இருக்கட்டும்.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுப்பவர்கள் மாவுச்சத்தை அறவே விட்டால், ரத்தத்தில் கீட்டோன் அமிலம் சேரக்கூடும். அப்போது குளுக்கோமீட்டர் பெரிய அளவைக் காட்டாமலே இருக்கலாம். வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், எடுக்கும் மாத்திரையின் பெயரைச் சொல்லுங்கள்.

உணவை மாற்றும் முன் மருந்தளவை டாக்டரிடம் கேளுங்கள். ஈஎஸ்ஐ உள்ள தொழிலாளியின் சம்பளத்தில் அதற்காக 0.75 சதவீதம் பிடிக்கிறார்கள். தகுதியுள்ள குடும்பத்தாருக்கும் ஈஎஸ்ஐ மருத்துவமனையில் சிகிச்சை பெற உரிமை உண்டு. ஈஎஸ்ஐ இல்லாதவர்களுக்கு, 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத் திட்டமும் அரசு ஆரம்ப சுகாதார நிலையமும் இருக்கின்றன.

வீட்டில் சுட்டு விற்றாலும் அது உணவுத் தொழில்தான். 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு வேண்டும். 14 இலக்கப் பதிவு எண்ணையும் சேர்த்த பொருள்களின் பெயரையும் கேட்கத் தயங்காதீர்கள். நேர்மையாகச் செய்யும் அக்காக்கள் மகிழ்ச்சியாகவே சொல்வார்கள். பொய் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. சந்தேகம் இருந்தால் பிரிவு 40இன் கீழ் நீங்களே கட்டணம் செலுத்தி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுக்கலாம். வாங்கும்போதே விற்பவரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும். குறை உறுதியானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும்.

சாப்பிட்டு உடம்புக்கு ஏதும் ஆனால் மீதித் துண்டு, லேபிள், ஜிபே ரசீது, ஆர்டர் கொடுத்த வாட்ஸ்அப் செய்தி, டாக்டர் சீட்டு எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இழப்பீடு கேட்டு இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். வாங்கிய பொருளின் விலை ஐந்து லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது.